சிறுநீரகக் கல்: முதல் வலியிலிருந்து கடைசி ஸ்கேன் வரை

சென்னையில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், ஸ்கேன் சென்டர்களில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் கூடிவிடுவார்கள். முதல் முறையாகக் கல் வந்தவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கும் எழுதியது இது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக இந்தக் கல் உண்டு. அதனால் சொந்தக்காரர்கள் யாருக்கு வந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் முதலில் சொல்வது இதுதான்: வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கவேண்டும், இல்லையென்றால் ஸ்கேனில் பார்க்கவேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்றால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் உள் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். கல் அதில் சிக்கினால் மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்குகிறது. அந்த அழுத்தம்தான் வலி. அடைப்பு நாள்கணக்கில் நீடித்தால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதையே குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்க, வலியும் அடங்கிவிடும். ஆள் நிம்மதியாக வேலைக்குப் போவார். கல் மட்டும் அங்கேயே இருக்கும். இப்படிச் சத்தமில்லாமல் ஒரு பக்கச் சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு.

வலி வந்த இரவு

பலருக்கு இது விடியற்காலையில்தான் வருகிறது. முதுகில் விலா எலும்புக்குக் கீழே, ஒரு பக்கமாகத் தொடங்கி, முன்னால் அடிவயிற்றுக்கு இறங்கும். ஆண்களுக்கு விதைப்பை வரைக்கும், பெண்களுக்குப் பிறப்புறுப்பு வரைக்கும் போகும். அலையலையாக ஏறி இறங்கும், கூடவே குமட்டலும் வாந்தியும். சிறுநீர் சிவந்தோ, டீத்தண்ணி நிறத்திலோ போகலாம். கல் சிறுநீர்ப்பையின் வாசலுக்கு வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் முட்டிக்கொண்டு வரும், போனால் நாலு சொட்டுதான்.

குடல்வால் வலி வந்தவர் அசையாமல் சுருண்டு படுப்பார். கல் வலிக்காரருக்கு எப்படிப் படுத்தாலும் சரிப்படாது. எழுந்து நடப்பார், மண்டி போடுவார், சுவரில் முதுகை அழுத்திப் பார்ப்பார், மறுபடி படுப்பார். இந்த ஒன்றைப் பார்த்தே டியூட்டி டாக்டர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

நம் வீடுகளில் இதை முதலில் வாய்வு என்பார்கள். ஒரு சோடா வரும், கொஞ்சம் பெருங்காயம் வரும். இல்லையென்றால் "சூடு பிடிச்சிருக்கு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். செய்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதை நம்பி விடியும்வரை காத்திருக்காதீர்கள். வலி இந்த மாதிரி ஏறினால் பக்கத்தில் இரவு திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று: நிறையக் குடித்தால் கல்லைத் தள்ளிவிடும் என்று வலி நேரத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அடைப்பு இருக்கும்போது அப்படிக் குடிப்பதால் கல் சீக்கிரம் வருவதில்லை, வாந்திதான் வரும். அந்த நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும். தண்ணீரின் வேலை பிற்பாடு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் ஊசி போடுவார்கள். கல் வலிக்கு அந்த வகை மருந்துகள் நன்றாகவே கேட்கும். ஆனால் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால், கர்ப்பமாக இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். நடு இரவில் எல்லாவற்றையும் கேட்கும் அவகாசம் அவர்களுக்கு இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி நாலு நாள் ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

சில நிலைமைகளில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கல் வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால், அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பிடித்திருக்கிறது என்று பொருள். அது இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆன்டிபயாடிக் மட்டும் அங்கே போதாது, தேங்கிய சிறுநீரை உடனே வடிக்கவேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலும், பிறவியிலேயோ அறுவை சிகிச்சையாலோ ஒரே சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், வாந்தியில் எதுவுமே உள்ளே தங்காவிட்டாலும் இதே அவசரம்தான். 108-க்குப் போன் செய்யுங்கள். அறுபதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி வலி வந்தால் "கல்லாகத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. வயிற்றின் பெரிய இரத்தக்குழாய் வீங்கிக் கசிந்தாலும் இதே மாதிரிதான் வலிக்கும். வயசுப் பையன்களுக்கு விதைப்பையில் வலி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். அதில் மணிக்கணக்குத்தான் கெடு.

ஸ்கேனும் ரிப்போர்ட்டும்

வலி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "காலையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். வலி இல்லை, லீவும் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்றைக்கே போய்விடுங்கள்.

முதலில் எடுப்பது வயிற்று அல்ட்ராசவுண்ட். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குழாயின் கீழ்முனை தெரியும். அதனால் நான்கைந்து டம்ளர் குடித்துவிட்டு, முட்டும்வரை உட்காரச் சொல்வார்கள். கையில் டோக்கனும் வயிற்றில் தண்ணீருமாக நெளிந்துகொண்டிருக்கும்போது, முன்னால் இன்னும் ஆறு பேர் இருப்பார்கள். டோக்கன் வாங்கி, எத்தனை பேர் முன்னால் என்று கேட்டுவிட்டு, அப்புறம் குடிக்கத் தொடங்குங்கள்.

அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் தெரியும், வீக்கம் தெரியும். குழாயின் நடுவில் சிக்கிய கல்லைக் குடல் வாயு மறைத்துவிடும். அதற்குத்தான் சி.டி. எழுதுகிறார்கள். கல்லுக்கு எடுக்கும் சி.டி.க்குச் சாய ஊசி தேவையில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் கால்சியம் கல் தெரியும், யூரிக் அமிலக் கல் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் தேடுவது எத்தனை எம்.எம். என்ற எண்ணை. அதைவிட முக்கியம், கல் எங்கே இருக்கிறது, வீக்கம் இருக்கிறதா என்பதுதான். "லோயர் போல்" என்றிருந்தால் சிறுநீரகத்தின் கீழ் அறையில் கல் இருக்கிறது. பெரும்பாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும், வலிக்காது. "பி.யூ.ஜே." என்றால் சிறுநீரகமும் குழாயும் சேரும் வாய். "வி.யூ.ஜே." என்றால் குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் மாட்டிக்கொள்ளும் குறுகலான இடங்கள் மூன்று: இந்த இரண்டும், நடுவே குழாய் இடுப்பின் பெரிய இரத்தக்குழாயைத் தாண்டும் இடமும். வி.யூ.ஜே. என்று பார்த்தால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். கல் கடைசி வாசலுக்கு வந்துவிட்டது.

"ஹைட்ரோ" என்று தொடங்கும் நீளமான வார்த்தை வீக்கத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் மைல்டு, மாடரேட், சிவியர் என்று எது இருக்கிறது என்று பாருங்கள். 4 எம்.எம். கல்லோடு மாடரேட் வீக்கம் உள்ளவர், 8 எம்.எம். கல் அசையாமல் கீழ் அறையில் கிடப்பவரைவிட அவசரமாக டாக்டரைப் பார்க்கவேண்டியவர். "கான்கிரீஷன்" என்று 2 எம்.எம். போட்டிருந்தால் பதறவேண்டாம். அல்ட்ராசவுண்டில் அந்த அளவுக்குப் பொடிப் புள்ளிகள் பலருக்கும் தெரியும். அதில் பாதி கல்லே இல்லை.

இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்), யூரிக் அமிலம், கால்சியம் பார்ப்பார்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் வைப்பார்கள். கிரியாட்டினின் நார்மல் என்றால் கவலையில்லை என்று பலர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு சிறுநீரகம் அடைபட்டுக் கிடந்தாலும் மற்றது இரண்டின் வேலையையும் பார்க்கும், எண் நார்மலாகவே வரும். அடைபட்ட பக்கம் பிழைத்திருக்கிறதா என்று அந்த எண் சொல்லாது.

காத்திருக்கும் நாட்கள்

5 எம்.எம்.க்கு உட்பட்ட கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியே வந்துவிடும். 5-லிருந்து 10 எம்.எம். வரை ஏறக்குறைய பாதி. காய்ச்சல் இல்லை, வலி அடங்குகிறது, வீக்கம் அதிகமில்லை என்றால் யூராலஜி டாக்டர் நான்கு வாரம், அதிகம் போனால் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். கல் கீழே இறங்கியிருந்தால் டாம்சுலோசின் மாத்திரை எழுதுவார்கள். குழாயின் தசையைத் தளர்த்தும் மருந்து அது. இரத்த அழுத்தத்தையும் சற்று இறக்கும் என்பதால், ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் சட்டென்று எழுந்திரிக்காதீர்கள், தலை சுற்றும்.

இந்த நாட்களில் ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்யுங்கள்: சிறுநீரை வடிகட்டுங்கள். பிளாஸ்டிக் மக் ஒன்று, பழைய டீ வடிகட்டி ஒன்று போதும். வடிகட்டியின் கண் பெரிதாக இருந்தால் மேலே பழைய வேட்டித் துணியைக் கட்டிக்கொள்ளலாம். ஆபீஸிலும் செய்யவேண்டுமா என்று கேட்பார்கள். முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருக்கும் நேரமாவது. கல் வந்தால் பழுப்பு நிறத்தில், நெருஞ்சி முள் மாதிரி மூலைக்கு மூலை கூராக இருக்கும். இவ்வளவு சின்னதா இத்தனை பாடு படுத்தியது என்றுதான் முதலில் தோன்றும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவி, காயவைத்து, சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். அதை லேபில் பரிசோதித்தால் கால்சியம் ஆக்சலேட்டா, யூரிக் அமிலமா, கிருமித் தொற்றால் வந்ததா என்று தெரிந்துவிடும். அடுத்த கல்லைத் தடுக்க இதைவிட உபயோகமான தகவல் வேறு கிடைக்காது.

கல் கையில் கிடைக்கவில்லை, வலியும் இல்லை என்றால்? தேதி குறித்துக்கொண்டு நான்காவது வாரம் மறுபடி ஸ்கேன். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

வாழைத்தண்டும் பீரும்

காலையில் பூங்காக்களுக்கு வெளியே அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு விற்கிறார்கள். கல் என்று வாயைத் திறந்தாலே வாழைத்தண்டு என்று சொல்லாத ஆள் சென்னையில் கிடையாது. வாழைத்தண்டுப் பொரியல் நல்ல சாப்பாடு, சாறு குடித்தால் கூடுதலாக ஒரு டம்ளர் திரவம் உள்ளே போகிறது. அந்த அளவில் தாராளமாகக் குடிக்கலாம். ஏற்கெனவே கட்டிப்போன கால்சியம் கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி வீக்கத்தோடு மாசக்கணக்கில் உட்காருவதுதான் தப்பு. கால்சியம் கல்லைக் கரைக்க இங்கிலீஷ் மருந்தும் கிடையாது. மருந்தால் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல்தான். பொட்டாசியம் சிட்ரேட் மாதிரியான மருந்துகளால் சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது கரையும்.

சித்த மருத்துவத்தில் இதைக் கல்லடைப்பு என்பார்கள். நெருஞ்சில், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, நண்டுக்கல் பற்பம் எல்லாம் அதற்கு வழக்கமாகக் கொடுப்பவை. அந்த வழியில் போக விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது. படித்த வைத்தியரைப் பாருங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை அவரிடமும் காட்டுங்கள். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடியை, அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாமல், ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் சிறுநீரகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பீர் பற்றி: நண்பர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். பீர் குடித்தால் சிறுநீர் நிறையப் போகும் என்பது உண்மைதான். மறுநாள் உடம்பில் நீர் வற்றுவதும், பீரில் உள்ள ப்யூரின் யூரிக் அமிலமாவதும் அதே அளவுக்கு உண்மை. குடிக்க ஒரு காரணம் வேண்டும் என்றால் வேறு ஏதாவது தேடிக்கொள்ளட்டும்.

எடுக்கவேண்டும் என்றால்

கல் பெரிது, நகரவில்லை, வலி திரும்பத் திரும்ப வருகிறது, வீக்கம் கூடுகிறது என்றால் எடுத்தே ஆகவேண்டும். வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இப்போது மிக அபூர்வம். மூன்று வழிகள் இருக்கின்றன.

வெளியிலிருந்தே அதிர்வலை பாய்ச்சிக் கல்லை உடைப்பது ஒன்று. விமானம் கட்டிய டார்னியர் என்ற ஜெர்மன் கம்பெனி உருவாக்கியது அது. 1980-இல் மியூனிக் நகரத்தில்தான் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ரொம்பக் கெட்டிப்படாத கல்லுக்கு ஏற்றது. உடைந்த துண்டுகள் தானாக வெளியேறவேண்டும். சில சமயம் இரண்டாவது தடவையும் செய்யவேண்டி வரும். கர்ப்பிணிகளுக்குச் செய்யமாட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இரண்டாவது, சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. உடம்பில் வெட்டே இருக்காது. வளையும் குழாயை விட்டால் சிறுநீரகத்தின் உள்ளறை வரை போகலாம். மூன்றாவது, 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகில் ஒரு சென்டிமீட்டர் அளவில் துளை போட்டு எடுப்பது. இதற்குச் சில நாள் படுக்கையில் இருக்கவேண்டும்.

லேசர்தான் உசத்தி, துளை போடுவது பழசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கல்லுக்குத் துளை வழிதான் ஒரே தடவையில் சுத்தமாக முடியும். எனக்கு ஏன் இந்த வழி என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒழுங்கான டாக்டர் கல்லின் அளவு, இடம், கெட்டித்தன்மை மூன்றையும் வைத்துப் பதில் சொல்வார்.

எங்கே போவது? சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் யூராலஜி பிரிவு உண்டு. கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கவேண்டும். ஆதாரையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஸ்கேன் படத்தையும் சேர்த்து, காகிதத்தை மட்டும் அல்ல. வரிசை நீளம்தான், ஒரு நாள் போய்விடும். ஆனால் அங்கே ஒரு வாரத்தில் பார்க்கிற கற்களின் எண்ணிக்கையைச் சின்ன ஆஸ்பத்திரி ஒரு வருஷத்தில் பார்த்தால் பெரிது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் வேலை என்றால் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யவேண்டும். வலி வருவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்வது நல்லது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். தனியாக எடுத்த பாலிசிகள் பலவற்றில் கல் சிகிச்சைக்கு முதல் இரண்டு வருஷம் பணம் கிடைக்காது. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசியில் பெரும்பாலும் அந்தத் தடை இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால், லேசர் செலவு, மயக்க மருந்து, ஸ்டென்ட், பிறகு அதை எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்டென்ட் என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கல் எடுத்தபின் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைப்பார்கள். இரு முனையும் சுருண்டிருக்கும்; ஒன்று சிறுநீரகத்தில், இன்னொன்று சிறுநீர்ப்பையில். டி.ஜே. ஸ்டென்ட் என்பது அதுதான். அது இருக்கும்வரை அடிக்கடி முட்டும், சிறுநீர் கழிக்கும்போது விலாவில் இழுக்கும், கொஞ்சம் அலைந்தால் சிவப்பாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் குடித்துவிட்டு ஓய்வெடுத்தால் தெளியும். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போகவேண்டும்.

ஆபத்து என்னவென்றால், சில வாரத்தில் இந்தத் தொந்தரவு பழகிவிடும், உள்ளே குழாய் இருப்பதே மறந்துவிடும். ஊருக்குப் போவார்கள், வேலை மாறுவார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். மாசக்கணக்கில் விட்ட ஸ்டென்டைச் சுற்றிப் புதிதாகக் கல் கட்டிக்கொள்ளும். சில நிமிடத்தில், மரத்துப்போகும் ஜெல் வைத்து, வெளிநோயாளியாகவே எடுத்திருக்கவேண்டியதை எடுக்க அப்புறம் இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் போட்டது எழுதியிருக்கிறதா, எடுக்கவேண்டிய தேதி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பவேண்டும். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கூட வந்தவர் போனிலும் அலாரம் வைக்கட்டும்.

மறுபடி வராமல் இருக்க

ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த பத்து வருஷத்துக்குள் மறுபடி வரும். இத்தாலியில் முதல் கல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். 1996-இல் வந்த அந்த ஆய்வில், நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. மருந்தே இல்லாமல் பாதிக்குப் பாதி.

எவ்வளவு குடிக்கவேண்டும் என்று கேட்பதைவிட எவ்வளவு போகவேண்டும் என்று கேட்பதுதான் சரி. ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகவேண்டும். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் அது வந்துவிடும். கத்திரி வெயிலில் வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறவருக்கு நாலு லிட்டர்கூடப் போதாது, பாதி வியர்வையில் போய்விடும். நிறம் வெளிர்ந்து, கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருந்தால் சரி. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று பளீரென்ற மஞ்சளாகத்தான் போகும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் இன்னொரு டம்ளர். ராத்திரியில்தான் சிறுநீர் அதிகம் திக்காகிறது.

தண்ணீர் குடிக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை அல்லது விடமாட்டார்கள். உட்கார நாற்காலி கொடுக்கவே இந்த மாநிலத்தில் 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஆட்டோக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் கதையும் இதேதான். இவர்களிடம் "தண்ணி நிறைய குடிங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது சுலபம். வெளியே சுற்றும் வேலை என்றால் வழியில் எங்கெங்கே கழிவறை இருக்கிறது, மெட்ரோ ஸ்டேஷன், பெட்ரோல் பங்க், தெரிந்தவர் கடை, என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடியுங்கள். வீடு திரும்பியதும் விட்டதைப் பிடியுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த சண்டை. போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் கல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடினத் தண்ணீர்தான் காரணம் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கேன் தண்ணீருக்கும் ஆர்.ஓ.வுக்கும் மாறியதால் கல் நின்றுவிடாது. சுவையாக இருப்பதால் கூட இரண்டு டம்ளர் குடிக்கிறீர்கள் என்றால் அதுதான் லாபம். மெட்ரோ தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் போதும்.

சாப்பாட்டில் முதல் எதிரி உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் ஆகியவற்றைக் குறைக்கவேண்டும். நாளைக்கு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. எலுமிச்சைச் சாறு நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் கட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் குடித்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற மாதிரிதான். மோரும் அப்படியே.

பால், தயிரை நிறுத்தாதீர்கள். கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் பால் கூடாது என்று நினைப்பது இயல்பு. விஷயம் நேர் எதிர். சாப்பாட்டோடு போகும் கால்சியம், கீரையிலும் பருப்பு வகையிலும் வரும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். பாலைக் குறைத்தால் அந்த ஆக்சலேட் தடையில்லாமல் சிறுநீருக்கு வரும். 2002-இல் அதே இத்தாலியக் குழு, சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும் ஆண்களை வைத்து இதைச் சோதித்தது. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி அளவில்தான் கல் வந்தது. கால்சியம் மாத்திரை வேறு விஷயம். டாக்டர் எழுதியிருந்தால் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள்.

ஆக்சலேட் கல் என்று லேப் சொல்லியிருந்தால் பாலக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, சாக்லேட் ஆகியவற்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டால் கூடவே தயிர் சேருங்கள். தக்காளி விதையால் கல் வரும் என்பது வெறும் பயம், தக்காளியில் ஆக்சலேட் கொஞ்சம்தான். ஃபில்டர் காபியை விடச் சொல்லி யாராவது மிரட்டினால் கேட்கவேண்டாம். காபி குடிக்கிறவர்களுக்குக் கல் குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கோலா பானங்களை விட்டுவிடலாம். யூரிக் அமிலக் கல் என்றால் மட்டன், ஈரல், நெத்திலி, மத்தி ஆகியவற்றைக் குறைக்கவேண்டும். சர்க்கரை நோய், அதிக எடை உள்ளவர்களுக்கு இந்த வகை கூடுதலாக வருகிறது. வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் ஒரு கிராம் அளவில் போடுகிறவர்கள் நிறுத்திவிடுங்கள். இளநீர் நல்லது, ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கல் வந்தால்

மறுபடி வந்துவிட்டது, அல்லது இரண்டு பக்கமும் கல், அல்லது சின்னக் குழந்தைக்கு வந்திருக்கிறது என்றால் காரணத்தைத் தேடவேண்டும். இரத்தத்தில் கால்சியம் கூடுதலாக இருந்தால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியைப் பார்ப்பார்கள். அதில் ஒரு சின்னக் கட்டியை எடுத்தாலே கல் கட்டுவது நின்றவர்கள் இருக்கிறார்கள். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையிலேயே கல் என்றால், பெரும்பாலும் ப்ராஸ்டேட் வீங்கி, சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தேங்குவதுதான் காரணம். கல்லோடு சேர்த்து அதற்கும் வைத்தியம் பார்க்கவேண்டும்.

மற்றவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், உப்பு எவ்வளவு போகிறது என்று அதில் தெரியும். லேபில் பெரிய கேன் கொடுப்பார்கள், சிலதில் உள்ளே மருந்து ஊற்றியிருப்பார்கள், அதைக் கொட்டிவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது. மணியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போவது எல்லாம், மலம் கழிக்கும்போது போவதும் சேர்த்து, கேனுக்குள். மறுநாள் அதே மணிக்குப் போவதையும் பிடித்துவிட்டு மூடுங்கள். நடுவில் ஒரு தடவை தவறிப்போனாலும் லேபில் சொல்லிவிட்டு இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்குங்கள். பரிசோதனை என்பதற்காக அன்று மட்டும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவோ, ஊறுகாயைத் தள்ளி வைக்கவோ வேண்டாம். வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே சாப்பிடுங்கள். திங்கட்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கேனை லேபில் சேர்த்துவிடுங்கள்.